அது சோப்பு இல்லை, சொப்பு

என் தங்கமே நஞ்சக்கா,

அன்றைக்கு எங்கள் தக்காளிக் காட்டில் களை எடுத்தவர்கள் நீ, மாதம்மா, திம்மக்கா, சின்னப்பாப்பா, நான். வரப்பில் குடை பிடித்து நின்றவர் என் வீட்டுக்காரர். ரோட்டில் பஸ் பழுதாகி நிற்க, இறங்கி வந்து உன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு வெளியூர்க்காரர். ஒருத்தரையும் நான் மறக்கவில்லை.

அந்த வெளியூர்க்காரர்தான் இப்போது பெரிய பாட்டுக்காரர். தானே கட்டித் தானே பாடுகிறார். தாடி பஞ்சாக நரைத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர்க் கல்யாண மண்டபத்தில் பாடினார். பேத்தி கூட்டிப்போனாள். சோப்புக் கம்பெனியில் ஷிப்டு முடிந்து யூனிஃபார்மோடு வந்த பெண்கள்தான் பாதி மண்டபம்.

நாலாவது பாட்டை எடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சோப்பு வாசம் போகலியே, சோறு அள்ளும் கையிலே..."

உன் பாட்டு அக்கா! தளிப் பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள் நீ. கீரை என்று உனக்கு வாயில் வராது, கன்னடத்தில் சொப்பு என்றுதான் வரும். களையோடு கீரையும் கிள்ளி மடியில் கட்டிக்கொண்டே பாடுவாய். அதை இவர் சோப்பாக்கி வைத்திருக்கிறார்! கம்பெனிப் பெண்களோ தங்கள் பாட்டென்று கைதட்டுகிறார்கள்.

முடித்துவிட்டு அவரே சொன்னார். "இந்த முதல் அடி என்னுதில்ல. ராயக்கோட்டைப் பக்கம் ஒரு அம்மா பாடினது. பேரு கேட்டேன். 'கூலிக்காரிக்குப் பேரு எதுக்கு, போய்யா'ன்னு வரப்புல நின்னவர் தொரத்திட்டார்."

அன்றைக்கு அது என் காதில் விழவில்லையே அக்கா. உனக்கு விழுந்ததா? விழுந்தும் சொல்லாமல் இருந்துவிட்டாயா?

நான் எழுந்துவிட்டேன். "உக்காரு அவ்வா, மானம் போவுது" என்று பேத்தி முந்தானையை இழுத்தாள்.

"பேரு இருக்குது சாமி! நஞ்சம்மா! அது சோப்பு இல்ல, சொப்பு. கீரை!"

மண்டபமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "இத்தன வருசம் தப்பாப் பாடியிருக்கேனே தாயி" என்று கைகூப்பினார். உன் பேரைச் சொல்லி, சொப்பு என்றே மறுபடி பாடினார். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அங்கே கேட்டதா?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?" என்று டிவி சத்தத்தைக் கூட்டினார்.

இனி எங்கள் வீட்டில் கீரை கடையும் நாளெல்லாம் உன் பேரைச் சொல்லி அந்தப் பாட்டைப் பாடுவேன். அவர் காதில் விழப் பாடுவேன்.

ஆள் இருந்தால் என்னை அம்மா என்பாய், ஆள் நகர்ந்தால் ருக்கு என்பாய். "புருசன் பேரச் சொன்னா நாக்கு அழுகிருமாடி ருக்கு?" என்று கேலி செய்வாய். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதில்லை. உனக்குப் பேர் எதுக்கு என்றவரின் பேரை இன்று என் கையால் எழுதுகிறேன். நான் மன்னிக்க மாட்டேன் அக்கா, இந்த வெங்கடப்பனை.

உன் தங்கச்சி,
ருக்கு