ஏழாம் வண்டியின் முறை

மச்சான்,

இன்று காலை வண்டிகளுக்குத் தார் பூசினோம். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. உன் வண்டிக்குப் பதிலாக வந்த புது வண்டியில் என்ன இலக்கம் எழுதுவது என்று என் மருமகன் தார்க்குச்சியோடு நின்றான். "மூணு போட்டுருவோம் மாமா. செத்தவரு இலக்கம் நமக்கு எதுக்கு?" என்றான்.

அவனுக்கு என்ன தெரியும்? பன்விலவில் கோப்பி ஏற்றிக் கொழும்புக்கு இறங்கிய ஒன்பது வண்டிகளில் ஆறுதான் மிஞ்சின. மூன்றாம் வண்டியை யானை மிதித்தது. ஆறாவதை மகாவலி வெள்ளம் கொண்டுபோனது. ஒன்பதாம் வண்டி மாடுகள் என் மாடுகளோடு ஓடித் தோற்று, வெட்கத்தில் ஊருக்கே திரும்பிவிட்டன. நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

சீட்டுப் போட்டு நின்ற வரிசை 1, 4, 2, 8, 5, 7. முதல் வண்டி என்னுடையது, கடைசி உன்னுடையது. முன்னே போகிறவனுக்குச் சுத்தமான காற்று, கடைசியில் வருகிறவனுக்கு ஐந்து வண்டித் தூசி. அதனால் தினமும் முன்வண்டி பின்னுக்குப் போவது நம் வழக்கம். இளைப்பு நெஞ்சுக்காரன் நீ, ஆறு நாளைக்கு ஒருமுறை வரும் அந்தக் காற்றுக்கு விரல் மடக்கிக் காத்திருப்பாய்.

தினமும் வண்டிப் பலகையில் கரியால் வரிசையை எழுதுவாய். முதல் நாள் 142857. மறுநாள் 428571. அது முதல் நாளைப்போல மும்மடங்கு என்று பிலிமத்தலாவையில் மாடு அவிழ்த்தபோது காட்டினாய். அடுத்த நாள் 285714, இருமடங்கு. ஆறு நாள் சுற்றிவர, ஆறு மடங்குவரை எல்லாம் வந்துவிட்டன. மூன்று மாதம் பள்ளிக்கூடம் போன நான், அதை நானே கண்டுபிடித்ததாகக் கண்டிக் கடைத்தெரு முழுக்கச் சொன்னேன். ஒரு துரை தொப்பியைக் கழற்றினார். நீ மறுக்கவே இல்லை.

அடுத்த சுற்றில் மறுபடி உன் முறை வந்தது, 714285 போகவேண்டிய நாள். கடுகண்ணாவைக்கு முன்னே, நாலு பேர் பார்க்கிறார்கள் என்று, இரண்டாவதாக வந்த நான் உன்னை முந்தினேன். நாள் முழுக்க என் தூசியில் இருமினாய். வண்டி நின்றதும் பலகையைக் காட்டினாய்: 174285.

"இது எந்த மடங்குலயும் வரல மச்சான். என்னோட ஒரு நாள் காத்த எடுத்துக்கிட்டியே" என்றாய்.

பழியை மாடுகள்மேல் போட்டேன். நீதான் இரக்கப்பட்டுச் சிரித்தாய்.

"சரி விடு. முதல் நாள் எண்ண ஏழால பெருக்கிப் பாரு. ஆறு இலக்கமும் ஒன்பதாயிரும். அங்க முன்வண்டியும் இல்ல, பின்வண்டியும் இல்ல."

பெருக்கிப் பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆனது. மற்றவர்களிடம் ஒரு நொடி என்று சொல்லியிருக்கிறேன். 999999. அடுத்த மழைக்கு முன்னே நீ அங்கே போய்விட்டாய்.

மூன்று போட்டால் சுற்று கெட்டுவிடும். மருமகன் கையிலிருந்த குச்சியை வாங்கி நானே 7 எழுதினேன். நாளை அதன் முறை. என் மாடுகளுக்கு முந்தத் தெரியும், அது நாடறியும். ஆனாலும் இரண்டாவதாகத்தான் வருவேன், வாய் நிறையத் தூசியோடு.