அகராதியில் வாலுவுக்கு ஒரு வரி

ஜூன் 3

கறார் மேடத்துக்கு,

நலம்தானே? போன் செய்தால் எடுத்த எடுப்பிலேயே கட் செய்கிறாய். அதனால் தபாலை நம்பி எழுதுகிறேன். இதையும் கிழித்துப் போட்டுவிடாதே.

நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிக்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. பதிப்பாளர் ‘கட்’ என்ற சொல்லைத் திருத்தித் தரச் சொல்கிறார். நான் எழுதினால் நீ பாதியை அடிப்பாய், அப்புறம்தான் அச்சுக்குப் போகும். அதுதானே நம் வழக்கம்? நீ வீட்டைவிட்டுப் போனபின் என் எழுத்தை அடிக்க ஆளில்லை. சாப்பாட்டு மேசை முழுக்கச் சொல் எழுதிய அட்டைகள். நின்றுகொண்டே சாப்பிடுகிறேன்.

துணி வெட்டுவதில் தொடங்கி, சம்பளத்தில் பிடிப்பது, வகுப்புக்கு மட்டம் போடுவது வரைக்கும் பொருள் எழுதிவிட்டேன். சொல் பிறந்த கதைக்கு மட்டும் மூன்று பத்தி. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லே கிடையாதாம். வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள், உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் வந்த வேகத்தில் வெட்டுவதற்கு முன்பிருந்த ‘கார்வ்’ என்ற மூத்த சொல்லை இறைச்சித் தட்டுக்கும் மரச் சிற்பத்துக்கும் ஒதுக்கிவிட்டு, வீடு முழுவதையும் தானே எடுத்துக்கொண்டது. எவ்வளவு சாமர்த்தியம் பார்!

எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். அடித்து அனுப்பு.

உன் வீட்டுக்காரன்


ஜூன் 12

உங்களுக்கு,

நலம். இங்கே பாடப்புத்தக ஆபீசில் புரூப் பார்க்கிறேன். அறைக்கு ஜன்னல் ஒன்றுதான், போதும்.

உங்கள் மூன்று பத்தியை அடிக்காமலே திருப்பி அனுப்புகிறேன். தாய் தகப்பன் யாரென்றே தெரியாத சொல்லுக்கு மூன்று பத்தி. நாம் பெற்றவளுக்கு ஒரு வரி இல்லை.

எடுத்துக்காட்டு வாக்கியத்துக்காக நாம் வெளியே போய்த் தேடியதுண்டா? வாலு பேசப் பேச அட்டையில் எழுதிக்கொண்டோம். காய்ச்சல் அவளைக் கொண்டுபோன பிறகு முதல் பதிப்பு வந்தது. அதிலாவது அவள் பேசுவாள் என்று ஆசை ஆசையாகப் புத்தகத்தைத் திறந்தேன். ‘கட்’டில் அவள் இல்லை. கதவுக்கான சொல்லில் இல்லை, மழைக்கான சொல்லில் இல்லை, எந்தப் பக்கத்திலும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தனையையும் அடித்திருந்தீர்கள். அடிக்கிற வேலை என்னுடையது. அதை ஏன் எனக்குத் தெரியாமல் செய்தீர்கள்?

வாலுவின் அம்மா


ஜூன் 20

கோபக்காரிக்கு,

முதல் பதிப்பின் புரூப்பில் பக்கத்துக்குப் பக்கம் அவள் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் படிக்க முடியவில்லை. எனக்கே இப்படி என்றால் நீ எப்படித் தாங்குவாய் என்று பயந்தேன். நீ அழக்கூடாதென்றுதான் செய்தேன். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

இப்போது சேர்க்கலாமா என்று பதிப்பாளரிடம் கேட்டுப் பார்த்தேன். இருக்கிற பக்கத்துக்குமேல் ஒரு வரிகூட ஏற்ற முடியாது என்கிறார். நான் என்ன செய்ய?

உன் வீட்டுக்காரன்


ஜூன் 27

நான் அழுதால் என்ன? பெற்றவள் அழ மாட்டாளா? உங்கள் மேசைக்கு எதிரிலேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். நீங்களும் அழுதிருப்பீர்கள். அதைக்கூட விட்டுவைக்கவில்லை.

இடம் இல்லையாம். அந்த மூன்று பத்தி மட்டும் எப்படி உள்ளே நுழைந்தது?

வாலுவின் அம்மா


ஜூலை 15

அம்மா தாயே,

அச்சுக்குப் போகும் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன். ‘கட்’டின் கடைசியைப் பார்.

மூன்று பத்தியையும் தூக்கிவிட்டேன். ‘பிறப்பு உறுதியாகத் தெரியவில்லை’ என்று ஒரே வரி. பதிப்பாளருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஆராய்ச்சியை எடுத்துவிட்டு ஒரு குழந்தையின் உளறலைப் போடுவதா என்று கேட்டார். போடாவிட்டால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன்.

வாலுவின் வரியை எழுதும்போது அழுதேன். எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அன்றைக்கு அவள் தன் முடியை வெட்டிப் போட்டதைக் கூட்டி அள்ளி நான்தானே குப்பையில் கொட்டினேன்? இப்போது அதில் ஒரு இழை கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

வாலுவின் அப்பா


ஜூலை 22

வாலுவின் அப்பாவுக்கு,

பக்கம் வந்தது. ஆபீசில் வைத்தே பிரித்துவிட்டேன். “நான் வெட்டலப்பா, முடிதான் கத்தரிக்கோலுக்குள்ள வந்துச்சு.” சத்தமாகச் சிரித்துவிட்டேன், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் முகம் கழுவப் போய் வெகுநேரம் அங்கேயே நின்றேன். ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை. அப்படியே அச்சுக்குக் கொடுங்கள்.

அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். அவள் இல்லாத அறையைத் தாண்டி என்னால் நடக்க முடியாது. வற்புறுத்தாதீர்கள்.

நீங்கள் கொட்டிய முடியை அன்றைக்கே குப்பையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்தேன். நீங்கள் திட்டுவீர்கள் என்று பயந்து அப்போது சொல்லவில்லை. என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பாதி உங்களுக்கு.

தபாலில் போட மனம் வரவில்லை. நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வாலுவின் அம்மா