படியில் உட்கார்ந்தவள்

21-1-1951, ஞாயிறு
‘உலக இலக்கியத்தில் பயணம், மாற்றம், நீதி’ என்னும் என் சொற்பொழிவு வரிசை, நான் செயலாளராக இருக்கும் கல்மண்டபம் வாசகசாலையில் இன்று மாலை தொடங்கியது. முதல் வாரம், பயணம். எடுத்துக்காட்டாக நான் மொழிபெயர்த்துவரும் குளிர்தேசத்துக் கதையை வாசித்தேன். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் கிடக்கும் கணவனுக்காக ஒருத்தி தலைநகர் நீதிமன்றத்துக்கு நடந்தே போகிறாள்.

மீன் விற்றுத் திரும்பும் பெண்கள் சிலர் கூடைகளுடன் தாழ்வாரத்தில் நின்று கேட்டார்கள். ‘வெறுங்காலோடு பனியில் நடந்தாள்’ என்ற இடத்தில் அவர்களில் ஒருத்தி, கன்னியம்மா, குறுக்கிட்டாள்.

“பனில நடக்கறது ஒரு கஸ்டமா வாத்யாரே? தை மாசம் நாங்க அதுலதான வந்துகினு கீறோம்.”

சபை சிரித்தது. அவள் கேட்டதில் தவறில்லை. இவ்வூரில் பனி என்பது விடியலில் தலையில் இறங்கும் ஈரம். அவள் கூடையிலிருந்த ஐஸைக் காட்டி, வழியெல்லாம் இதுவே கொட்டிக் கிடப்பதாக எண்ணிக்கொள் என்றேன். அவள் ஒரு துண்டைத் தரையில் போட்டு அதன்மேல் காலை வைத்தாள். நெடுநேரம் காலை எடுக்கவில்லை. பிறகு யாரும் சிரிக்கவில்லை.

“அவ போய்ச் சேந்தாளா?” என்றாள். அடுத்த ஞாயிறு வரச் சொன்னேன்.

22-1-1951
வாசகசாலைத் தலைவர் நீலமேகம் தம் மரக்கிடங்குக்கு என்னை அழைத்தார். விதி ஐந்தின்படிக் கூட்டங்களுக்கு வாசகர்களே வரலாம். வாசிக்கத் தெரியாதவர் எப்படி வாசகர் ஆவார் என்று கேட்டார். மீன் நாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூக்கை மட்டும் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

விதியைக் காட்டி என்னை மடக்கலாம் என்று நினைத்திருக்கிறார். என்னையா?

24-1-1951
என் பதிலை எழுத்து மூலம் அனுப்பினேன். ‘ஞாயிறன்று வாசித்தவன் நான், கேட்டவர் தாங்கள். தங்கள் பொருள்கோளின்படி அன்று அங்கிருந்த ஒரே வாசகன் நானே. ஆகவே தாங்களும் தாழ்வாரத்துக்கு வர வேண்டியவரே.’

28-1-1951, ஞாயிறு
வெளிக் கதவருகே காவலாள். பெண்கள் தெருவில் நிறுத்தப்பட்டார்கள். சொற்பொழிவாளர் எத்திசை நோக்கி நிற்க வேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. எனவே சபைக்கு முதுகைக் காட்டி, சன்னல் வழியே தெருவை நோக்கி வாசித்தேன்.

இன்றைய பொருள், மாற்றம். ஊர்க் காவலனைக் கண்டாலே ஒதுங்கி நின்றவள், வழியில் படைத்தலைவனை நிறுத்தி வழி கேட்கிறாள். “அப்டிப் போடு” என்றது தெருவிலிருந்து குப்பம்மாவின் குரல். கன்னியம்மாவுக்கு அடுத்த கூடை அவளுடையது.

30-1-1951
என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கச் சிறப்புப் பொதுக்கூட்டமாம், பதினொன்றாம் தேதி. அறிவிப்பில் எழுத்துப் பிழை இருக்கிறது. திருத்தித் திருப்பி அனுப்பினேன்.

“அந்தப் பொம்பளைங்களை வராதேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?” என்கிறாள் என் மனைவி வரலட்சுமி. நான் சாப்பிடாமல் எழுந்தது அவளுக்கு வருத்தம்.

எப்படிச் சொல்வேன்? எந்த வாயால சொல்றது? நீதியைப் பத்தி உள்ள பேசிட்டு, வாசல்ல நிக்கிறவளைப் போன்னு சொல்லணுமா? — முடியாது. செய்ய மாட்டேன்.

4-2-1951, ஞாயிறு
நீதி. சன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். சொற்பொழிவைத் தெருவிளக்கின் கீழ் நடத்தினேன். உறுப்பினர்களில் எத்திராஜ் ஒருவர் மட்டும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

முடிவைத்தான் அஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் நீதிமன்றத்தை அடைகிறாள். வழக்கு முடிந்துவிட்டது, ஊருக்குத் திரும்பிப் போ என்கிறார்கள். அவள் போகவில்லை. வாயிற்படியில் உட்கார்ந்துவிடுகிறாள். கதை அவ்வளவே. இவர்களுக்காக நல்ல முடிவாக மாற்றிவிடலாமே என்று எத்திராஜ் முன்பே காதில் ஓதியிருந்தார். மூலத்தில் ஓர் எழுத்தையும் நான் மாற்றுவதில்லை.

“அவ்ளோதானா? இன்னா கத இது?” என்றாள் குப்பம்மா. அவளுக்குக் கோபம்.

கன்னியம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே கேட்டாள். “எழுந்து போவலல்ல?”

“இல்லை.”

“அப்போ முடியல.”

11-2-1951, ஞாயிறு
கூட்டத்துக்குப் போனபோது வாசகசாலைப் படிகள் நிறையக் கூடைகள். கூடைக்கு ஒருத்தி. கன்னியம்மா மேல்படியில். காவலாள் கத்தி ஓய்ந்து தூணில் சாய்ந்திருந்தான். நீலமேகம் வந்து நின்றார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடைகளுக்கு நடுவே ஏறினார். யாரும் தடுக்கவில்லை.

“பாத்துப் போ நைனா, ஐஸு வழுக்கும்” என்றாள் கன்னியம்மா.

உள்ளே வாக்கெடுப்பு முறைப்படி நடந்தது. நீக்கத் தீர்மானத்துக்கு எதிராகக் கையுயர்த்தியவர் எத்திராஜ் மட்டுமே. நீக்கப்பட்டேன். சாவிகளை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்டு வாங்கினேன். வெளியே வந்தேன். ஒருத்தியும் எழுந்து போயிருக்கவில்லை.

“இன்னா ஆச்சு வாத்யாரே?”

“நீக்கிவிட்டார்கள்.”

குப்பம்மா சற்று நகர்ந்து இடம் விட்டாள். “அப்போ உனக்கும் உள்ள வேல இல்ல. குந்து.”

உட்கார்ந்தேன். கூடையிலிருந்து ஐஸ் உருகி வேட்டியை நனைத்தது. புதிய கதை ஒன்றை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். சிறிது நேரத்தில் பின்னால் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. உறுப்பினர்கள் சிலர் வாயிலுக்கு வந்து நின்றார்கள். படியில் இடமில்லை.