காவடிக்குப் போட்ட ஊசி

நவம்பர் 18
கிள்ளான் வீட்டிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்து, கார் நிறுத்த இடம் தேடியே பாதி பலம் போய்விடுகிறது. மீதியில் ஜிம். எனக்கும் தாமரைக்கும் கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். சின்னதாக எடுத்தால் முருகன் கேட்க மாட்டாரா? கேட்பார். எனக்குத்தான் பெரிசு வேணும்! கல்யாணமான புதிதில் உடம்பு ஏற்றத் தொடங்கிய ஸ்டீராய்டு ஊசி, இப்போது காவடிக்காக அளவைக் கூட்டியிருக்கிறேன். தோள் சட்டைக்குள் அடங்கவில்லை.

டிசம்பர் 15
விரதம் ஆரம்பம். கறி, மீன் இல்லை. தரையில் படுக்கை. விரதத்தில் ஊசி போடலாமா என்று ஜிம் மாஸ்டர் யுகேந்திரனிடம் கேட்டேன். "எண்ணெய்ல கலந்த மருந்துதானே ப்ரோ, சைவம் லா," என்றான். சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 27
தூக்கமே இல்லை. முதுகெல்லாம் பரு. சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டை விசிறினேன் - விரதக்காரன்! தாமரை தரையைத் துடைத்தாள். என்னடா ஆச்சு உனக்கு?

ஜனவரி 6
கிள்ளானில் மகப்பேறு டாக்டர் கெர்ட்ரூட்டிடம் போனோம். இதுவரை தாமரைக்குத்தான் சோதனை எல்லாம். இந்தத் தடவை எனக்கும். விந்தணு ஒன்றுகூட இல்லையாம். பிரஷரும் எகிறிக் கிடக்கிறது.
"தம்பி, உடம்பு ஏத்த ஊசி ஏதும் போடுறீங்களா?"
"இல்ல டாக்டர்."
தாமரை என் தோளைப் பார்த்தாள்.

ஜனவரி 7
தனியாகப் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். "ஹார்மோன வெளியிலேர்ந்து ஏத்துனா உடம்பு தானா சுரக்கறத நிறுத்திடும். ஊசிய விடுங்க. விந்தணு திரும்பி வரலாம், வருஷமும் ஆகலாம். உறுதி சொல்ல மாட்டேன். இந்தப் பிரஷரோட காவடி வேணாம்."
பிள்ளைக்குக் காவடி, காவடிக்கு ஊசி, ஊசியால் பிள்ளை இல்லை. இப்படி ஒரு முட்டாள் இருப்பானா?

ஜனவரி 8
தாமரையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், மருந்தை மைலோ பவுடர் டின்னில் ஒளித்து வைத்திருப்பதையும். அவள் அழுததைப் பார்க்க முடியவில்லை.
"இவ்ளோ நாளா கொற எங்கிட்டன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேங்க. அந்த மைலோ டின்ல இருக்கறத தூக்கிப் போட்டீங்களா?"
"போடறேன்."
"போட்டீங்களான்னு கேட்டேன்."
பையை எடுத்துக்கொண்டு டெங்கிலுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 15
பொங்கல். தனியாக. கண்ணாடியில் தோள் இறங்கினாற்போல் இருக்கிறது. டின் அலமாரியிலேயே இருக்கிறது. ஒரே ஒரு ஊசி - கை போகுது. சே!

ஜனவரி 20
டின்னை அப்படியே கிளினிக்கில் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 1
தைப்பூசம். பத்துமலை. காவடி இல்லை, பால்குடம். "இந்த உடம்புக்கு இவ்ளோ சின்னதா மச்சான்?" என்று ஜிம் பையன்கள் கிண்டலடித்தார்கள். தாமரை வந்திருந்தாள். நான் மூச்சு வாங்கி நின்ற படிகளில் அவளும் நின்றாள். சன்னிதியில் பிள்ளை கேட்க எனக்கு வாய் வரவில்லை.
காரில் ஏறியதும், "டெங்கிலுக்குத்தானே?" என்றேன்.
"டின்னு?"
"டாக்டர்கிட்ட குடுத்துட்டேன். வேணும்னா கேட்டுப் பாரு."
"கேட்டுட்டேன்," என்றாள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "கிள்ளானுக்கு விடுங்க, நம்ம வீட்டுக்கு."