அம்மாவின் பிரஷர் நோட்டு

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தாமரைக்கு அப்பா எழுதுவது. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பயமாக இருக்கிறதம்மா. போனில் சொன்னால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

பிரஷரை ஏற்றுகிறது என்று அவளுக்குச் சிறுநீரகத்தின் மேலிருந்த சுரப்பியை எடுத்து ஏழு மாதமாகிறது, நாலு மாத்திரை ஒன்றாகக் குறைந்தது உனக்குத் தெரியும். தினமும் காலையில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுவது என் வேலை. ஒரு நாள் 152 என்று வாசித்துவிட்டேன், வயித்தக் கிழிச்சதெல்லாம் வீணா என்று அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே வந்தது, 128 என்று சொன்னேன், சொன்னதையே எழுதினேன். ரயில்வேயில் முப்பது வருஷம் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதவன் இரண்டு மாதம் பொய்யாக எழுதினேன். போன மாதம் டாக்டர் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் முழு வெற்றி என்றார், மிச்சமிருந்த ஒரு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். அம்மா பூச்சோங்கில் இருக்கும் நல்லம்மாள் சித்தி வரைக்கும் கேசரி கொடுத்தனுப்பினாள். நானும் ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.

இன்று காலை 174. தலைவலி வேறு, வெயிலுதான் என்கிறாள். அவள் அண்ணன் பழனியப்பன் பாசாரில் காய்கறி வாங்கும்போது விழுந்து ஒரு பக்கம் கை கால் வராமல் போனதே கண்முன் நிற்கிறது. அவள் குளியலறையில் கொஞ்சம் தாமதித்தாலும் கதவைத் தட்டுகிறேன்.

மத்தியானம் கிளினிக் நர்ஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அங்கிள், ரத்தத்துல ஹார்மோனும் பொட்டாசியமும் சரியாயிடுச்சி, அது ஒண்ணு, பிரஷர் வேற, அதுக்கு ஒரு மாத்திரை வேணும்னா ஆபரேஷன் தோத்துப்போச்சின்னு அர்த்தம் இல்ல லா, நிறைய பேருக்கு அப்படித்தான், ஆனா நெசமான நம்பர் இல்லாம டாக்டர் என்ன செய்வாரு என்றார். மாத்திரையில் அடங்கக்கூடியதை மறைக்கவா இத்தனையும் செய்தேன் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். நாளைக் காலை முதல் ஆளாக வரச் சொன்னார், மெஷினில் உண்மையான எண்கள் பதிந்திருக்குமாம், அதையும் எடுத்து வர வேண்டும். அதற்குள் கை கால் மரத்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே எமர்ஜென்சிக்குப் போகச் சொன்னார்.

இதை அனுப்பியதும் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். முருகன் உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. அவள் உன்னைக் கூப்பிட்டு என்னைத் திட்டுவாள், எனக்காகப் பரிந்து பேசாதே. அவளுக்கு வார்த்தை தெளிவாக வருகிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்.

உன் அப்பா,
இராமலிங்கம்