பள்ளிக்கூடத்துப் பின்சுவரில் ஒரு வழி

வியாசர்பாடி,
ஞாயிறு பிற்பகல்.

என் பாரி கண்ணுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஹாம்பர்க்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்று சொன்னாய், காதை மூடாமல் வெளியே போகாதே, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுதான் முதலில் வலிக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாற்காலியை விட்டு எழாமல் இருந்தவர் இப்போது காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறார், நடந்துவிட்டு வரும்போது வடை வாங்கித் தின்கிறார், அதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

அம்மா குரல் சரியில்லை, என்னவென்று கேட்டால் ஸ்கூல் வேலை என்று மழுப்புகிறாள் என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். உங்கம்மாவே சொல்லுவா நைனா என்று சொல்லி அவரும் விட்டுவிட்டாராம். வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வரவில்லை, இரண்டு தடவை முயற்சி செய்தேன், இரண்டு தடவையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுத்தில் என்றால் சொல்லிவிடலாம் போல இருக்கிறது. படித்ததும் பதறிப்போய் டிக்கெட் பார்க்காதே, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததுதான் எனக்கே புரியவில்லை.

எப்போதும் உனக்குச் சொல்லும் பள்ளிச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தலைமை ஆசிரியையாக வந்த பிறகு இந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்பில் இவ்வளவு பிள்ளைகள் சேர்ந்தார்கள், வடக்கிலிருந்து சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் நிறைய, தமிழ் தெரியாமல் வந்து இப்போது சண்டை போடுவதெல்லாம் தமிழில்தான். இரண்டாம் வகுப்புக்குப் பெரிய டிவி ஒன்று வந்திருக்கிறது. கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டார்கள். பெற்றோர் குழுவுக்குத் தலைவியாக இந்த முறை ஜஸீமா வந்திருக்கிறாள், மார்க்கெட் முனையில் டிபன் கடை வைத்திருப்பவள், அவள் பேச ஆரம்பித்தால் கிரேன் சத்தமும் கேட்காது. காலையில் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளியிலேயே சாப்பாடு போடுவதால் தாமதமாக வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சாப்பாட்டுக்காகவே ஓடி வருகிறார்கள். இதையெல்லாம் ஜூலை மாதமே உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது.

ஆகஸ்டில், சுதந்திர தின விழா முடிந்த அடுத்த வாரம், மூன்றாம் வகுப்புப் பிள்ளை மகிழினி பள்ளிக்கு வரும் வழியில் டிரெய்லர் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனாள். நம் பள்ளி வாசல் லாரி போகும் ரோட்டில்தானே இருக்கிறது, நீ பார்த்திருக்கிறாய். வாசலுக்கு முன்னால் இரும்பு இறக்கக் காத்திருக்கும் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும், பிள்ளைகள் அந்த வண்டிகளைச் சுற்றிக்கொண்டு நடு ரோட்டில் இறங்கித்தான் வர வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் வந்திருக்கிறாள், பின்னால் இன்னொரு வண்டி வந்துவிட்டது. தங்கை செங்கொடி ஒன்றாம் வகுப்பு, அவளுக்குக் காய்ச்சல் என்று அம்மா கன்னியம்மா வீட்டிலேயே வைத்துக்கொண்டாள், இல்லாவிட்டால் இரண்டும் கை கோத்துக்கொண்டுதான் வரும். நான் சத்தம் கேட்டு வெளியே போனேன். பார்த்தேன். அதை உனக்கு எழுத மாட்டேன். திரும்பி உள்ளே வந்து, சாப்பாட்டு அறைக் கதவைச் சாத்துங்கள், பொங்கல் போடுவதை நிறுத்த வேண்டாம், ஒரு பிள்ளையும் வெளியே வரக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொன்னேன். என் குரல் வருகைப்பதிவு கூப்பிடுவது மாதிரி இருந்தது. உள்ளே பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டியவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார், எந்த ஊரோ, அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, அவர் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. நான் அழவும் இல்லை கண்ணு. அன்றைக்கும் அழவில்லை, அடக்கம் செய்த இடத்திலும் அழவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் யாரோ ஒருத்தி தலைமை ஆசிரியையாக இருந்து செய்தாள், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அவ்வளவுதான்.

மகிழினியின் அப்பா கிருஷ்ணப்பன் அந்த மார்க்கெட்டிலேயே இரும்பு ஏற்றி இறக்கும் வேலை செய்கிறவர். சங்கத்துக்காரர், சின்னவளுக்கு செங்கொடி என்று பெயர் வைத்தது அவர்தான். மார்க்கெட் ஆட்களும் பெற்றோர்களும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், சாயங்காலம் வரை ஒரு வண்டி நகரவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள், அடுத்த வாரமே வேகத்தடை போட்டார்கள். ஆனால் வண்டிகள் நிற்பது நிற்கவில்லை, இரும்பு எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும். நிறைய வீடுகளில் பிள்ளைகளை அனுப்பவில்லை. வகுப்புகளில் பாதி பெஞ்சு காலியாக இருந்தது. ஜஸீமா ஒரு நாள் என் அறைக்கு வந்து நாற்காலியில்கூட உட்காராமல், இன்னா டீச்சர், இப்டியே பாத்துகினு இருந்தா அடுத்தது யாரு வூட்டுப் புள்ள, பின்பக்கம் ராசையா குடோன் கீதே, அந்தச் செவுத்த ஒடைச்சா புள்ளைங்க சந்து வழியா நேரா உள்ள வந்துடும்ல என்று கேட்டாள். எனக்கு அது தோன்றாமல் இல்லை, அவரிடம் போய்க் கேட்கத்தான் கால் எழவில்லை. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ராசையா தென்காசிப் பக்கத்துக்காரர், முப்பது வருடமாக இங்கே இரும்புத் தகடு வியாபாரம். வாசலில் நிற்கும் வண்டிகளில் பாதி அவர் குடோனுக்கு வருவதுதான். அவர் எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, முடியாது என்று சொன்னார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. டீச்சரம்மா, நீங்க கேக்கது ஞாயந்தான், ஆனா இங்க கிரேன் தூக்குத இடம் பாத்துக்கிடுங்க, ஒரு தகடு சரிஞ்சி ஒரு பிள்ள மேல விழுந்துட்டுன்னா நான் அந்தப் பாவத்த எங்க கொண்டுபோயித் தொலைக்க, ரோட்டுல போனதுக்கு நான் பொறுப்பில்லன்னு சொல்லி எப்படியோ தூங்குதேன், இங்க நடந்துச்சுன்னா எனக்கு அதுவும் கெடையாது என்றார். அவர் தூங்குவதாக எனக்குத் தெரியவில்லை, கண் இரண்டும் சிவந்திருந்தது. ஜஸீமா சண்டைக்குத் தயாராக வந்தவள், இதைக் கேட்டதும் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தோம்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவரே பள்ளிக்கு வந்தார். மகிழினியின் அப்பா தன்னைப் பார்க்க வந்தாராம். சத்தம் போடுவார் என்று நினைத்து ராசையா வாசலிலேயே நின்றாராம், கிருஷ்ணப்பன் நேராகக் குடோனுக்குள் நடந்துபோய்ப் பின்சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மொதலாளி, இந்த ஓரமா ஆளுயரத்துக்குத் தகடு நிக்க வெச்சு ரெண்டு பக்கமும் அடைச்சுட்டா கிரேன் இந்தாண்ட வராது, நான் வெல்டிங் ஆளுங்கள இட்டுகினு வரேன், காசு வாணாம், நீ இடத்த மட்டும் வுடு என்றாராம். ராசையா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எடுத்துக்கிடுங்கம்மா, குடோன்ல எவ்வளவு அகலம் வேணுமோ எடுத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். பள்ளிச் சுவரை உடைக்க எழுதிப் போட்டு அனுமதி வாங்குவதற்குள் மழை வந்துவிட்டது, மழைக்கு நடுவில்தான் வேலை நடந்தது. கிருஷ்ணப்பன் பகலில் கூலி வேலை, சாயங்காலம் இங்கே. உடைத்த செங்கல்லை அவரே கூடையில் அள்ளிப்போய்க் கொட்டினார். ஒரு நாள் நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக் குடித்தார், இன்னும் கொஞ்சம் டீச்சர் என்றார். இரண்டு பக்கமும் தகடு நிறுத்தி, மேலே கூரை போட்டு, தரைக்குச் சிமென்ட் பூசி, தீபாவளி முடிந்து பள்ளி திறந்த அன்று பிள்ளைகள் அந்த வழியாக வந்தார்கள். தகட்டில் கையால் தட்டித் தட்டி டம்டம் என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார்கள். வராமல் இருந்த பிள்ளைகளும் வந்தார்கள், பெஞ்சு நிறைந்தது. ஜஸீமா அழுதாள், ஆசிரியர்கள் எல்லோரும் அழுதார்கள், ராசையா மிட்டாய் கொடுத்தார். இனி ஒரு பிள்ளையும் ரோட்டு வழியாக வரக் கூடாது, முன் கேட் பூட்டியே இருக்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் நான் மைக் பிடித்து அறிவித்தேன், எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உள்ளே ஒன்றும் இல்லை பாரி, சந்தோஷமும் இல்லை துக்கமும் இல்லை. கையில் மிட்டாய் இருந்தது, அதை மேஜை டிராயரில் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டு அரிசியைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காலையில் முன் கேட்டை யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால் கன்னியம்மா, செங்கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் நிற்கிறாள், பின்னால் வண்டிகள் போய்க்கொண்டிருக்கின்றன. ஏம்மா, உங்க வீட்டுக்காரர் கட்டின வழிம்மா அது, அதுல வரக் கூடாதா என்று கேட்டேன். அவள் சத்தமே இல்லாமல் சொன்னாள், அவரு கட்டனாரு டீச்சர், நான் வேணாம்னு சொல்லல, ஆனா அவ இங்கதான் கீறா, அல்லாரும் அந்தாண்ட போய்ட்டா எம்பொண்ணு இங்க ஒண்டியா நின்னுகினு இருப்பா என்று. நான் கேட்டைத் திறந்தேன். அடுத்த நாளும் திறந்தேன். ஆசிரியர்களில் ஒருவர், நீங்களே சட்டம் போட்டுவிட்டு நீங்களே ஒரு பிள்ளைக்காக மீறலாமா, இன்னொரு தடவை ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் கேட்டது சரி. என்ன செய்வதென்று தெரியாமல், நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பள்ளிக்குப் போகாமல் கன்னியம்மா வீட்டுச் சந்து முனைக்குப் போய் நின்றேன். செங்கொடியின் ஒரு கையை அவள் பிடித்துக்கொள்வாள், ரோட்டுப் பக்கத்துக் கையை நான் பிடித்துக்கொள்வேன். அந்த இடம் வரும்போது கன்னியம்மா கொஞ்சம் நிற்பாள், நானும் நிற்பேன், பிறகு நடப்போம். அவளைத் தடுக்கவில்லை, சும்மா கூட நடந்தேன், தினமும்.

போன புதன்கிழமை செங்கொடி நடுவில் நின்றுகொண்டு, எம்மா, அல்லாரும் அந்த வழில டம்டம்னு தட்டிகினு வராங்கோ, நானும் நாளைக்கு அதுல வரட்டா என்று கேட்டாள். கன்னியம்மா அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை என்னைப் பார்த்தது, நான் அவள் அம்மாவைப் பார்த்தேன். நீங்க சொல்லுங்க டீச்சர் என்று என்னிடம் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன், அவள் கேட்கவில்லை. மூன்று பேரும் எப்போதும் போலக் கேட் வரை நடந்து வந்து சேர்ந்தோம்.

வியாழக்கிழமை நான் சந்து முனைக்குப் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. நேரமாகிவிட்டதோ என்று பள்ளிக்கு வந்தேன். பின்பக்கத்திலிருந்து தகடு தட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், நடுவில் செங்கொடி இரண்டு கையாலும் தட்டிக்கொண்டு வந்தாள், என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, எங்கம்மா வந்துச்சா டீச்சர் என்று கேட்டாள். அதே நேரம் முன் கேட் தட்டும் சத்தம். போய்த் திறந்தேன். கன்னியம்மா தனியாக நின்றாள். பிள்ளையைச் சந்துக்குள் விட்டுவிட்டு அவள் மட்டும் ரோட்டு வழியாக நடந்து வந்திருக்கிறாள். புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, வலது கையைக் கொஞ்சம் வெளியே நீட்டினாற்போல வைத்திருந்தாள், யாரையோ பிடித்துக்கொண்டு வந்த கை மாதிரி. உள்ளே வந்து, மைதானத்தில் ஓடுகிற சின்னவளைப் பார்த்தாள், பார்த்துவிட்டு, வந்துட்டோம் டீச்சர் என்றாள். வந்துட்டேன் என்று சொல்லவில்லை. நான் சரிம்மா என்றேன். வெள்ளிக்கிழமையும் அப்படியே வந்தாள். இரண்டு நாளும் கேட்டை நான்தான் திறந்தேன், ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை கண்ணு. வரும் என்று அப்பா சொல்கிறார், வராவிட்டாலும் பரவாயில்லை என்று பிறகு அவரே சொல்கிறார். நீ இதற்காக லீவு போட்டு வர வேண்டாம், ஏப்ரலில் வருவதாகச் சொன்னபடி வா. ரோட்டைத் தாண்டும்போது காதில் அந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடக்காதே, இதை மட்டும் எனக்காகச் செய். நேரத்துக்குச் சாப்பிடு, நூடுல்ஸோடு நிறுத்திக்கொள்ளாதே. வாரத்தில் ஒரு நாளாவது அப்பாவிடம் தனியாகப் பேசு, அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும், என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார். பள்ளிக்கு ஏதாவது வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்பாய், ஒன்றும் வேண்டாம்.

நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் நீ இருக்கிற இடத்தில் உன்னோடு இருக்கட்டும். அப்பா ஜெய் பீம் சொல்லச் சொன்னார். நாளைக்குத் திங்கட்கிழமை, கன்னியம்மா வருவதற்குள் நான் கேட் பக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் இன்றைக்குச் சீக்கிரம் படுத்துவிடுவேன், ராத்திரி போன் செய்யாதே.

உன் அம்மா,
யசோதரா