கடைசிப் பெட்டியின் எடை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா மாத்திரையை வேளைக்குத் தருகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று ஐம்பத்தெட்டுப் பெட்டி கூட்ஸ் வண்டி ஒன்றைத் தடம் புரள வைத்துவிட்டேன். பதறாதீர்கள், ஆபீஸில் வண்டி ஓட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் கம்ப்யூட்டரில்தான். எஞ்சின் பிரேக் பிடித்ததும் பின்னால் வந்த சுமைப் பெட்டிகள் முட்டித் தள்ள, நடுவில் இருந்த காலிப் பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்பிவிட்டது. நான் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு எண்ணியிருக்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார்.

நீங்கள் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தபோது, கடைசிப் பெட்டியில் என்னை ஒருமுறை ஏற்றிப் போனீர்களே. “பிரேக் மீட்டர்ல முள்ளு இறங்குது பாரு, எஞ்சின்ல பிரேக் போட்டாச்சு. ஆறு எண்ணு, நமக்கு உலுக்கும். கம்பியப் பிடிச்சுக்கோ” என்றீர்கள். சரியாக ஆறில் உலுக்கியது. என் கணக்கிலும் ஆறு நொடிதான் வருகிறது, அப்பா.

ஒரு உதவி. மருந்துக்கடை மிஷினில் ஏறி, உங்கள் எடையைப் பார்த்து எழுதுங்கள். இளைத்துப்போனதற்கு அம்மா திட்டுவாள் என்று கூட்டிச் சொல்லாதீர்கள். நாலாயிரம் டன் வண்டியில் ஒரு ஆள் எடையால் எதுவும் மாறாது. ஆனாலும் கம்ப்யூட்டரில்கூட அந்தக் கடைசிப் பெட்டியை ஆளில்லாமல் ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உங்கள் பாப்பா